ஆறு கிளாஸும் ஐந்தாவது வரியும்

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஏறிப் போகும் படிக்கட்டுச் சந்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தொன்று. குருவின் பெயர் மெர்சி. காவி, கமண்டலம் எதுவும் கிடையாது. ஒரு ஸ்வெட்டர், தோளில் ஒரு துடைக்கிற துணி, அவ்வளவுதான்.

மெர்சி பதினெட்டு வருஷம் தோட்ட முதலாளிகளின் கிளப் ஒன்றில் கிளாஸ் கழுவியவர். கழுவிக் கழுவியே கண்ணாடியின் ஜாதகத்தைக் கற்றுக்கொண்டார். கிளப்பை மூடிய பிறகு, பழைய கண்ணாடிச் சாமான் வாங்கி விற்கும் கடை போட்டார். மெர்சி தட்டிப் பார்த்துத் தலையாட்டினால்தான் அது கிரிஸ்டல் என்று சென்னையில் இருக்கிறவர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள்.

சீடர் தணிகாசலம், முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் அரசாங்க முத்திரை குத்துகிற உத்தியோகம். முப்பத்துநாலு வருஷம் குத்தினார். ஓய்வு பெற்ற மறுவாரமே கை நமநமவென்று அரிக்க, வீட்டில் இருந்த பால் படியையும் அரிசிப் படியையும் சோதனை போட ஆரம்பித்தார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கயாவது போயிட்டு வாங்க" என்று மனைவி சிவகாமியம்மாள் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் இந்தப் படிக்கட்டை ஏறினார்.

முதல் நாளே கேட்டார்.

"கிரிஸ்டல் எது, சாதாக் கண்ணாடி எது, எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

மெர்சி ஒரு பிளாஸ்டிக் தொட்டியையும் நாற்பது கிளாஸையும் காட்டினார்.

"கழுவுங்க சார்."

ஒரு வாரம் கழுவினார். நாலு உடைந்தது.

"எது எது கிரிஸ்டல்னு கேக்க மாட்டீங்களாம்மா?" என்றார், அவரே வலியப் போய்.

"சொல்லுங்க."

"உடைஞ்சதுல ரெண்டு. விழறதுக்கு முன்னாடி குழாயில இடிச்சுது. ணங்... இன்னும் காதுக்குள்ளயே இருக்கு. மத்த ரெண்டும் டக்குனு சொல்லிட்டுப் போயிடுச்சு."

"பரவால்லயே," என்றார் மெர்சி. "நான் கத்துக்க ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா நான் உடைக்கலை."

இன்னொரு நாள், காலுள்ள கிளாஸ் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து அடிப்பாதம் முழுக்கத் தேடினார் தணிகாசலம். ஒன்றும் அகப்படவில்லை.

"முத்திரையே இல்லையேம்மா. அப்ப போலிதானே?"

மெர்சி அதன் பக்கத்தில் இன்னொரு கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். அதன் அடியில் அழகான முத்திரை இருந்தது. கிரீடமெல்லாம் போட்டிருந்தது.

"எது பழசு சார்?"

"இதுதான். கிரீடம் இருக்கே."

"அது போன வருஷம் செஞ்சது. கிரீடத்தையும் செஞ்சவனே வெச்சுக்கிட்டான். உங்க கிளாஸைப் பாருங்க. அடியில பொடிப்பொடியா கீறல். நாலா பக்கமும் ஓடுது. எண்பது வருஷம் மேஜையில வெச்சு எடுத்து, வெச்சு எடுத்து விழுந்தது. பழசு மாதிரி காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருந்தா ஒரே பக்கமா ஓடும்."

அன்று தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. முத்திரை பொய் சொல்லும் என்று முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் அவரிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. பாவம், யாரைப் போய் நொந்துகொள்வது?

ஆனாலும் மனுஷர் விடவில்லை. கிளாஸின் மேல் மெழுகு பூசி, ஊசியால் பூவும் கொடியும் வரைந்து, அமிலத்தில் முக்கி எடுத்தால், ஊசி போன இடத்தை மட்டும் அமிலம் தின்று படமாக்கும் என்று தெரிந்துகொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடி, இது அமில வேலை, இது சக்கரத்தில் வெட்டியது என்று சொல்லும் அளவுக்கு வந்தார். ஒரு தடவை மட்டும் "பாகற்கொடி போட்ட கிளாஸ், ஆறு" என்று எழுதிவிட்டார். வெள்ளைக்காரன் பாகற்காய்க்கு எதற்குக் கிளாஸ் செய்யப் போகிறான் என்று யோசிக்கவில்லை. அது திராட்சைக் கொடி.

கடையில் விற்பனைக்கு இருக்கும் ஒவ்வொரு செட்டுக்குப் பக்கத்திலும் ஒரு சீட்டு இருக்கும். அதில் ஐந்து வரி. என்ன பொருள். எந்தக் காலம். எப்படிச் செய்தது. என்ன குறை. யார் வீட்டுப் பொருள். ஐந்தாவது வரியில் அநேகமாக "தெரியாது" என்றுதான் இருக்கும். தெரிந்தால் விலை ஒரு படி ஏறும். சீட்டின் அடியில் மெர்சியின் பெயர்.

அந்த இடத்தில் ஒரே ஒரு தடவை தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் தணிகாசலத்தின் ஆசை. முத்திரை குத்திய கை, சும்மா இருக்குமா? ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீங்களே ஒரு நல்ல பொருளைக் கண்டுபிடிங்க. நீங்களே சீட்டு எழுதுங்க. அதை நம்பி ஒருத்தர் வாங்கட்டும்," என்றார் மெர்சி. "அன்னிக்கு உங்க பேரு."

மெர்சியிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் எதைக் கொண்டுவந்தாலும் தொடுவதற்கு முன்னால் "யாரோடது?" என்று கேட்பார். ஒருநாள் கோட்டு போட்ட ஒருவர் மரப்பெட்டி நிறையக் கிளாஸ் கொண்டுவந்தார்.

"யாரோடது?"

"எங்களோடதுதான். அம்மா அலமாரியில சும்மா கிடந்துது. ஒரு விலை மட்டும் சொல்லிடுங்க."

"அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. வீட்ல இருக்காங்க."

"உரிமைக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க. விலை சொல்றேன்."

கோட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மெர்சி பெட்டியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவர் போன பிறகு தணிகாசலம் அங்கலாய்த்தார்.

"விலை சொல்றதுல என்னம்மா வந்துடப் போவுது? வாங்கவா சொன்னார்?"

"இந்தக் கொடியை நகத்தால தடவிப் பார்த்தீங்களா சார், கையால வரைஞ்சதா, மிஷினான்னு?" என்று மெர்சி வேறு கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டார்.

*

போன மாதம் ஒரு பழைய தோட்ட பங்களாவைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள்; தணிகாசலமும் போயிருந்தார். தட்டுமுட்டுச் சாமான் மத்தியில், வைக்கோல் அடைத்த ஒரு டப்பாவில், ஆறு கிளாஸ் கிடந்தன. தணிகாசலம் ஒன்றை எடுத்துச் சுண்டினார். ணங்... அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. கவிழ்த்துப் பார்த்தார், நாலா பக்கமும் ஓடுகிற கீறல். வருடினார், அமிலம் தின்ற திராட்சைக் கொடி, இலையில் நரம்புகூடத் தெரிந்தது. கொடிக்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டு பேரின் முதலெழுத்துகள்: இ.எச்., எம்.எச். அதற்கும் கீழே, 1911.

அங்கேயே வாங்கிவிட்டார். என்ன விலைக்கு வாங்கினார் என்பதை இங்கே சொல்வதற்கில்லை. சிவகாமியம்மாள் காதுக்குப் போய்விடும்.

மறுநாள் அந்த ஆறில் ஒன்றை மட்டும் கடைக்குக் கொண்டுபோனார்.

"யாரோடது?" என்றார் மெர்சி.

"என்னோடதும்மா! நான் கண்டுபிடிச்சது!"

மெர்சி சுண்டினார், கவிழ்த்தார், வருடினார். தலையாட்டினார். தணிகாசலம் உடனே சீட்டு எழுதினார். முதல் தடவையாக ஐந்தாவது வரியில் "தெரியாது" என்று எழுதாமல் இரண்டு வரி எழுதினார். மெர்சி சீட்டை வாசித்துவிட்டு இழுப்பறையில் வைத்தார், கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒருத்தர் வர்றார். ஆறையும் கொண்டாங்க. அவர் வாங்கினா உங்க பேர்ல சீட்டு."

இதெல்லாம் சரி. கிளாஸை வாங்கிய அன்று வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டப்பாவோடு நுழைந்தவரை சிவகாமியம்மாள் சமையலறை வாசலில் மடக்கினார்.

"என்ன அது?"

"கிளாஸ்."

"யாருக்கு?"

விற்பதற்கு என்று சொன்னால் அடுத்த கேள்வி எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதுதான். தணிகாசலத்துக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் யோசிக்காமல் ஒரு பதில் சொன்னார்.

"உனக்குத்தான். கல்யாண நாள் வருதில்ல?"

சிவகாமியம்மாள் ஒரு கிளாஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தேழு வருஷத்தில் அந்த மனுஷர் கல்யாண நாளை ஞாபகம் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. அன்று ராத்திரி தோசைக்கு இரண்டு சட்னி இருந்தது. தணிகாசலம் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, கேள்வி கேட்காமல் விட்டாளே என்று நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்னால், பேத்தியின் காதுகுத்துக்குச் சீர் கொடுக்க வாங்கிய பாத்திரங்களில் பெயர் வெட்ட, பாத்திரக் கடை ஆள் மிஷினோடு வீட்டுக்கு வந்தார். குடம், அண்டா, ஆறு டம்ளர், எல்லாவற்றிலும் "தாத்தா தணிகாசலம் அன்பளிப்பு" என்று கரகரவென்று வெட்டி முடித்தார். அப்போது சிவகாமியம்மாள் உள்ளே போய் அந்த டப்பாவைக் கொண்டுவந்தார்.

"இதுலயும் வெட்டணும்."

"கண்ணாடியிலயாம்மா? தெறிச்சிடுமே."

"பையப் பைய வெட்டு. அவசரமில்ல. காபி குடிச்சிட்டு வெட்டு."

அந்த வீட்டில் கரண்டி முதல் குத்துவிளக்கு வரைக்கும் எல்லாவற்றிலும் ஒன்று சிவகாமியம்மாளின் அப்பா பெயர் இருக்கும், இல்லாவிட்டால் தணிகாசலத்தின் பெயர் இருக்கும். சிவகாமி என்ற பெயர் எதிலும் கிடையாது. இதில் அதை முதலில் வெட்டச் சொன்னார்.

சாயங்காலம் தணிகாசலம் வந்து பார்த்தார். ஆறு கிளாஸும் துடைத்துப் பளபளவென்று மேஜையில் நின்றன. ஒவ்வொன்றிலும், திராட்சைக் கொடிக்கு நேர் குறுக்கே, எவர்சில்வர் டம்ளரில் இருக்குமே அதே கோழிக் கிறுக்கல் எழுத்தில்: "சிவகாமி – தணிகாசளம்".

"அய்யய்யோ!" என்று அலறினார். "என் பொருளைக் கெடுத்துட்டியே! பாவி, என் பொருளைக் கெடுத்துட்டியே!"

சிவகாமியம்மாள் அவரைப் பார்த்தார்.

"உங்க பொருளா?" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். சட்னி அறவே இல்லை.

*

வெள்ளிக்கிழமை தணிகாசலம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு ஏறினார். மூச்சு வாங்கியதில் பாதி அழுகை.

"போச்சும்மா. எல்லாம் போச்சு."

மெர்சி ஒரு கிளாஸை வெளியே எடுத்தார். எழுத்தைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்கிறீங்களா?"

"இல்ல சார். குளிர்."

"தேய்ச்சு எடுத்துட முடியுமா?"

"முடியும். கொடியும் கூடவே போயிடும்."

"சென்னைக்காரர் வாங்குவாரா?"

"தொடக்கூட மாட்டார்."

மெர்சி எப்போதும் இப்படித்தான். ஆறுதல் என்று ஒன்றைக் கடையில் வைத்திருக்கவே இல்லை. தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ என் பேரு?"

"ஒன்றரை வருஷமா பேரு வரணும் வரணும்னு கேட்டீங்க," என்றார் மெர்சி. "ஆறு தடவை வந்திருக்கே."

"தப்பா வந்திருக்கும்மா! ளகரம் போட்டிருக்கான்! முப்பத்துநாலு வருஷம் நான் போட்ட கையெழுத்துல ஒரு தடவைகூட..."

மெர்சி இழுப்பறையைத் திறந்து அவருடைய பழைய சீட்டை எடுத்து நீட்டினார்.

"படிங்க."

"இப்ப எதுக்கும்மா?"

"மூணாவது வரி."

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "கொடி, அமில வேலை. பெயர் எழுத்துகள் பிற்பாடு கையால் வெட்டியவை. எம் என்ற எழுத்துக்கு ஒரு கால் குறைவாக வெட்டி, பிறகு ஒட்டுக்கால் சேர்த்திருக்கிறான். மிஷினுக்கு இந்தப் பிழை வராது. ஆகவே அசல்."

"நல்லா எழுதியிருக்கீங்க. அஞ்சாவது?"

"இ.எச்., எம்.எச். தம்பதி வீட்டுப் பொருள். மனைவிக்குக் கணவன் வாங்கிக் கொடுத்தது. ஆகவே மதிப்புக் கூடுதல்."

"மனைவிக்குக் கணவன் வாங்கிக் கொடுத்ததுன்னு எப்படி சார் தெரிஞ்சுது? நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இதென்னம்மா கேள்வி? வேற எதுக்கு ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வெட்டப் போறாங்க?"

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

மெர்சி ஒரு புதுச் சீட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார்.

"திரும்ப எழுதுங்க."

தணிகாசலம் எழுதினார். காலுள்ள கிளாஸ், ஆறு. 1911-க்கு முந்தியது. கொடி, அமில வேலை. நாலாவது வரிக்கு வந்தபோது பேனா நின்றது. வெளியே கேரட் வண்டி ஒன்று படிக்கட்டின் அடியில் நின்று கூவிவிட்டுப் போனது.

"அம்மா, இந்த எழுத்தை எந்த வரியில எழுதறது? குறையிலயா? இல்ல, யார் வீட்டுப் பொருள்ங்கறதுலயா?"

மெர்சி ஒரு கிளாஸைச் சுண்டினார். ணங் என்றது. சத்தம் முழுக்க அடங்கும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போனப்ப அம்மா என்ன கேட்டாங்க?"

"யாருக்குன்னு கேட்டா."

"நீங்க?"

தணிகாசலம் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார்.

"உனக்குத்தான்னு சொன்னேன்," என்றார். உடனே, "அது சும்மா சொன்னதும்மா. விலையைக் கேட்டுடுவாளேன்னு சும்மா ஒரு பேச்சுக்கு."

"அவங்க சும்மா விடலையே சார்," என்றார் மெர்சி. "முத்திரை குத்திட்டாங்க."

தணிகாசலம் குனிந்துகொண்டார். ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு மளிகைக் கடையில், எடை குறைந்த கல்லோடு பிடிபட்ட ஆள் இப்படித்தான் அவர் எதிரில் நின்றிருப்பான். "சும்மா வெச்சிருந்தேன் சார்" என்றுதான் அவனும் சொல்லியிருப்பான். அப்படிச் சொன்ன யாரையும் தான் விட்டதில்லை என்பது ஞாபகம் வந்தது. மனுஷருக்கு வெட்கமாக இருந்தது.

மெர்சி கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி, டப்பாவில் அடுக்கினார். ஆறாவதைச் சுற்றும்போது தணிகாசலம் தொண்டையைக் கனைத்தார். இருபது வருஷம் சின்னவரிடம் கெஞ்சுவது அவருக்கு இப்போது பழகிவிட்டது.

"நாளைக்கு நான் கொண்டுவரலை. சென்னைக்காரரை வேற ஏதாவது பார்க்கச் சொல்லிடுங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. நான் வாங்க வரலை, விக்க வரலை. தெரிஞ்சுக்கறதுக்குக் கேக்கறேன். இப்ப இதுக்கு என்ன மதிப்பு?"

மெர்சி டப்பாவை மூடி, சணல் கயிறு கட்டி, அவர் பக்கம் நகர்த்தினார்.

"தாராளமா சொல்றேன் சார்," என்றார். "உரிமைக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க."